80 கி.மீ. உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்தது யார்?

பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மீசோஸ்பியரின் உச்சியில் மைனஸ் 90 டிகிரி குளிர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அங்கே போய் அளந்தது யார்? இல்லை, சும்மா கணக்குப் போட்டுச் சொல்கிறார்களா?”

கணக்குத்தான் சார். ஆனால் சும்மா போட்ட கணக்கு இல்லை.

மீசோஸ்பியர் என்பது தரைக்கு மேலே சுமார் 50 கி.மீ.யில் தொடங்கி 85, 90 கி.மீ. வரை இருக்கும் காற்றடுக்கு. அங்கே நேரே போய் அளப்பதில் உள்ள சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். வானிலைப் பலூன் 30, 35 கி.மீ. உயரத்தில் வெடித்துவிடும். செயற்கைக்கோளை 80 கி.மீ.யில் சுற்றவிட்டால் காற்று உரசிக் கீழே விழும். மேலிருந்தபடி எட்டிப் பார்த்து அளக்கும் செயற்கைக்கோள்கள் உண்டு, அது தனிக்கதை. நேரில் போக ராக்கெட் ஒன்றுதான் வழி. கேரளத்துத் தும்பா ஏவுதளத்திலிருந்து 1970 முடிவில் தொடங்கி, சோவியத் நாட்டு எம்-100 ராக்கெட்டுகளை வாரம் ஒன்று என ஏவினார்கள். அது சில நிமிடங்களில் அந்த உயரத்தைக் கடந்துவிடும். மறு அளவுக்கு அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, 80 கி.மீ.யில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் சுமார் 60 ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய காற்று கருவியைத் தன் வெப்பநிலைக்குக் கொண்டுவருவதற்குள், வெயிலும் கருவியின் சொந்தச் சூடும் முந்திக்கொள்ளும்.

அப்புறம்தான் ஒளி வந்தது. லேசர் பிறப்பதற்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், எல்டர்மன் என்ற அமெரிக்கர் சர்ச்லைட்டை வானத்தில் அடித்து, காற்றில் சிதறித் திரும்பும் வெளிச்சத்தை அளந்து பார்த்தார். இன்று அதையே லேசரால் செய்கிறார்கள்; கருவியின் பெயர் லைடார். நமக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும் சாலையில் காதங்கி என்ற ஊர் வரும். அங்கே உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் ஜப்பானியரோடு சேர்ந்து 1998-ல் நிறுவியது.

532 நானோமீட்டர் பச்சை ஒளி, நொடிக்குப் பல துடிப்புகளாக, செங்குத்தாக மேலே போகிறது. வானத்தை நீலமாகக் காட்டும் அதே சிதறல்தான் இங்கும்: காற்று மூலக்கூறுகள் ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. 75 செ.மீ. ஆடி (கண்ணாடி) அதைப் பிடித்துக் கொடுக்க, உணர்கருவி ஃபோட்டான் ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகள் ஒவ்வொன்றாக, எண்ணுகிறது. 60 கி.மீ. போய்த் திரும்ப 0.4 மில்லி நொடி. ஆக, எப்போது வந்தது என்பதே எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும். மேலே போகப் போக எண்ணிக்கை தேய்ந்துவிடுவதால் ஆயிரக்கணக்கான துடிப்புகளைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

சரி, கையில் இருப்பது என்ன? எந்த உயரத்திலிருந்து எத்தனை ஃபோட்டான். தூரத்துக்கான திருத்தம் போட்டால் காற்றடர்த்தி எந்த விகிதத்தில் குறைகிறது என்று தெரியும். விகிதம் மட்டும்தான். லேசர் எவ்வளவு ஒளிர்ந்தது, ஆடியில் எவ்வளவு தூசு என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியாததால், ஒரு கன மீட்டரில் எத்தனை கிராம் என்று சொல்ல முடியாது. வெப்பநிலையோ கண்ணிலேயே படவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 1980-ல் பிரான்சில் ஓஷ்கோர்ன், ஷானின் இருவரும் இந்த வழியை லைடாருக்குப் பொருத்திக் காட்டினார்கள். ஓர் உயரத்தில் காற்றழுத்தம் என்பது அதற்கு மேலே இருக்கும் காற்றின் எடை. அடர்த்தியை உச்சியிலிருந்து அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டு இறங்கினால் ஒவ்வோர் உயரத்திலும் அழுத்தம் கிடைக்கும். அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து ஒரு மாறிலியால் பெருக்கினால் வெப்பநிலை. பள்ளியில் படித்த வாயு விதியேதான். நம் அடர்த்தி ஏழு மடங்கு தப்பாக இருக்கட்டும். அதைக் கூட்டிப் பெற்ற அழுத்தமும் அதே ஏழு மடங்கு தப்பு. வகுக்கும்போது ஏழும் ஏழும் அடிபட்டுப் போகும்! கருவியை அளவுதிருத்தம் செய்யாமலேயே கெல்வினில் விடை வருகிறது.

உச்சிக்கு மேலே இருக்கும் காற்றின் எடை நமக்குத் தெரியாதே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே வளிமண்டலக் கணித மாதிரி ஒன்றிலிருந்து உத்தேச மதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். கடைக் கணக்கில் முன்பாக்கி தப்பாக எழுதியிருந்தாலும், பக்கத்துக்குப் பக்கம் தொகை இரட்டித்துக்கொண்டே போனால் சீக்கிரமே அந்தத் தப்பு சில்லறையாகிவிடும் அல்லவா? அதுபோலத்தான். கீழே இறங்க இறங்க, 5 கி.மீ.க்கு ஒரு தடவை அழுத்தம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. தொடக்கத்தில் 15 சதவீதம் பிசகியிருந்தாலும் 15 கி.மீ. இறங்குவதற்குள் அது 2 சதவீதத்துக்கு வந்துவிடும். 30 கி.மீ.க்குக் கீழே தூசுப்படலமும் ஒளியைச் சிதறடிப்பதால் கணக்கு அங்கே நின்றுவிடும்.

இப்படிக் கிடைக்கும் வெப்பநிலைக் கோடு வழவழப்பாக இருப்பதில்லை, நெளிகிறது. இடிமழையும் மலைத்தொடர்களும் காற்றில் கிளப்பிவிடும் அலைகள் மேலே ஏறுகின்றன. காற்று மெலிய மெலிய அலை பெருக்கிறது. ஒரு கட்டத்தில் உடைந்து கொந்தளிக்கிறது. கோட்டில் எங்காவது கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரிக்கு மேல் வெப்பநிலை சரிந்தால், அங்கே காற்று புரளத் தயாராக இருக்கிறது என்று பொருள். இந்த அலைகள் உடைந்து தள்ளும் தள்ளலால் துருவக் கோடையில் காற்று மேலேறி, விரிந்து, குளிர்கிறது. அதனால் 24 மணி நேரமும் வெயில் அடிக்கும் கோடையில்தான் அங்கே 85, 90 கி.மீ. உயரம் மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே போகிறது. வளிமண்டலத்திலேயே மிகக் குளிர்ந்த இடம் அதுதான்.

கொந்தளிப்பு எவ்வளவு பலமானது என்பதை ரேடார் சொல்லும். 1974-ல் பெருவின் ஹிகாமார்க்காவில் உட்மனும் கியெனும் இதைக் காட்டினார்கள். காதங்கியில் 1024 ஆன்டெனாக்கள் 53 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அலைநீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதி, அதாவது 2.8 மீட்டர் இடைவெளியில் அமைந்த காற்றுச் சுழல்கள் மட்டும் ஒத்திசைந்து எதிரொலிக்கும். எதிரொலியின் அதிர்வெண் நகர்ந்தால் காற்று வீசுகிறது, அகன்றால் காற்று கொந்தளிக்கிறது.

இந்த வேலைகளுக்கு ராக்கெட் ஏவுதல்போல டிவியில் நேரலை கிடையாது. ஒரே இடத்தில், ஒரே விதமாக, இருபது முப்பது ஆண்டு அளந்தால்தான் பயன். விளக்கு மாற்றவும் ஆள் வைக்கவும் வருடா வருடம் தட்டாமல் பணம் தர வேண்டும். புதுக் கட்டடத்துக்குக் கிடைக்கும் நிதி பழைய அளவீட்டுக்குக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை. 

இன்னொரு வேடிக்கை. லைடாருக்கு இரவு வேண்டும், வெயிலில் அதன் ஃபோட்டான்கள் மூழ்கிவிடும். ரேடாருக்கோ 60 கி.மீ.க்கு மேலே எதிரொலி வர எலெக்ட்ரான் வேண்டும். அந்த உயரத்தில் அதை உண்டாக்குவது சூரியன். ஆகவே ஒரே வளாகத்தில் இருந்தும், மீசோஸ்பியரை இரண்டும் ஒரே நேரத்தில் பார்ப்பது அரிது.

வாசகர் கேட்ட மைனஸ் 90 இருப்பது சரியாக லைடார் கணக்கு தள்ளாடும் உயரத்தில். அங்கே விண்கற்கள் எரிந்து விட்டுப்போன சோடியம் அணுக்கள் 80 முதல் 105 கி.மீ. வரை ஒரு படலமாகக் கிடக்கின்றன. 589 நானோமீட்டர் மஞ்சள் லேசரின் நிறத்தை இம்மியளவு மாற்றி மாற்றி அடித்து, எந்த நிறத்துக்கு அணு எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்க்கிறார்கள். சூடான அணு வேகமாக ஓடும், அதனால் அதன் நிறக்கோடு அகலும். அந்த அகலமே வெப்பநிலை. இதற்கு உச்சியில் உத்தேச மதிப்பு எதுவும் தேவையில்லை.