அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்

பழைய கிராமபோன் தட்டுகளின் ஒலியைக் கணினிக்கு மாற்றித் தருவது என் தொழில். சென்ற வாரம் ஒருவர் ‘பாடி அண்ட் சோல்’ என்ற ஆங்கிலப் பாட்டின் 1930ஆம் ஆண்டு நடனக்குழுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தூசி போகட்டும் என்று மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்திருக்கிறார். பஞ்சு கறுக்கக் கறுக்க இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறார். பஞ்சில் ஒட்டியது அழுக்கல்ல, கரைந்துவந்த தட்டு. இப்படி என் மேசைக்கு வரும் எத்தனையாவது தட்டு இது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

“போனால் போகட்டும் சார், இது காப்பிதானே? ஒரிஜினல் கோல்மன் ஹாக்கின்ஸ் வாசித்தது, அதுதான் இணையத்தில் இருக்கிறதே” என்றார். ஸ்பிரிட்டைவிட இந்த எண்ணமே அதிகத் தட்டுகளைக் குப்பைக்கு அனுப்புகிறது.

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞரான ஹாக்கின்ஸ் நியூயார்க்கில் அதைப் பதிவுசெய்தது 1939 அக்டோபர் 11 அன்று. ஆங்கில நடிகையும் பாடகியுமான கெர்ட்ரூட் லாரன்ஸ் பாடுவதற்கென்று இசையமைப்பாளர் ஜானி கிரீன் அமைத்த அந்த மெட்டு, லாரன்ஸ் வழியாக லண்டன் சென்று, 1930இன் தொடக்கத்திலேயே ஜாக் ஹில்டன் நடனக்குழுவின் தட்டில் ஏறிவிட்டது. அதே ஆண்டு நியூயார்க் மேடையில் லிபி ஹோல்மன் பாடினார். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பதிவுசெய்தார். 1935இல் பென்னி குட்மன் மூவர் குழு வாசித்தது. ஹாக்கின்ஸின் சாக்ஸபோனோ தொடக்க அடிகளில் மட்டும் மெட்டைத் தொட்டுக்காட்டிவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் அதன் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வரிசையின்மேல் புதிது புதிதாகக் கற்பனை செய்துகொண்டே போகிறது. அதன் மேதைமையே அதுதான். ஆனால் கிரீன் அமைத்த மெட்டு எப்படியிருந்தது, மக்கள் அதை எந்த நடையில் கேட்டு ஆடினார்கள் என்பதற்கு, ‘காப்பி’ என்று ஒதுக்கப்படும் 1930ஆம் ஆண்டுத் தட்டுகளே சாட்சி. அவற்றைக் கேட்டவருக்குத்தான் ஹாக்கின்ஸ் எவ்வளவு தூரம் விலகிச் சென்றார் என்பதும் விளங்கும்.

அக்காலத் தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை; அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. அரக்கு சாராயத்தில் கரையும் என்பது மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் எந்த ஆசாரிக்கும் தெரியும். எனவே ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் தட்டின் அருகே வரக்கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசல் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால், ஊசி ஓடும் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக்கூடாது. பிற்கால எல்பி தட்டுகளுக்கான ஊசியை வைத்து ஓட்டிவிட்டு, இரைச்சலாக இருக்கிறது என்று தட்டைக் குறை சொல்லாதீர்கள்; நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இந்தப் பழைய தட்டின் வரி அகலமானது, அதற்கென்று தனி ஊசி உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்திவையுங்கள்.

இவற்றில் எதுவும் முடியாவிட்டால், தயவுசெய்து தூசியோடு அப்படியே கொண்டுவாருங்கள். தூசிக்கு அடியிலிருக்கும் பாட்டை எடுத்துத் தந்துவிடுவேன்.