போர்ஷன் முடியட்டும் என்று காத்திருக்கும் பிள்ளைகளுக்கு

போன வாரம் இன்னொரு பெண். அமெரிக்கப் பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டி.ஏ.டி.க்கு இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. வீடியோ காலில் தன் மேசையைக் காட்டினாள்: 7 நோட்டு, 4 வண்ணத்தில் ஹைலைட்டர், சுவரில் பிரின்ட் எடுத்து ஒட்டிய அட்டவணை, லேப்டாப்பில் 3 பயிற்சி நிறுவனங்களின் சந்தா. கையெழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், "முழு மாதிரித் தேர்வு எத்தனை எழுதியிருக்கே?"

"இன்னும் ஒண்ணுகூட எழுதல ஆன்ட்டி. பயாலஜி போர்ஷன் கொஞ்சம் பாக்கி இருக்கு, அது முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம்னு..."

இந்த வருடத்தில் இதே பதிலைச் சொன்ன நாலாவது பிள்ளை இவள். அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு உயிரியலும் வேதியியலும் சொல்லிக் கொடுப்பது என் தொழில், அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பொறுமையாகச் சொல்லித்தான் வந்தேன். இனிமேல் பொறுமை இல்லை. எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் தேர்வின் அமைப்பு. டி.ஏ.டி. என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்துகிற நுழைவுத் தேர்வு. ப்ரோமெட்ரிக் என்ற நிறுவனத்தின் தேர்வு மையங்களில் வருடம் முழுக்கக் கணினியில் எழுதலாம். முதலில் இயற்கை அறிவியல், 90 நிமிடத்தில் 100 கேள்வி. உயிரியல் 40, பொது வேதியியல் 30, ஆர்கானிக் 30. அடுத்து பெர்செப்சுவல் எபிலிட்டி, பிள்ளைகள் 'பேட்' என்று சொல்வது, 60 நிமிடத்தில் 90 படக் கேள்வி. இடைவேளை. பிறகு வாசிப்பு, 3 பத்திகளில் 50 கேள்விக்கு 60 நிமிடம். கடைசியில் கணக்கு, 40 கேள்விக்கு 45 நிமிடம். கூட்டிப் பார்த்தால் கேள்விகளோடு மட்டும் நாலே கால் மணி நேரம். இயற்கை அறிவியலில் ஒரு கேள்விக்கு 54 விநாடி கிடைக்கிறது, பேட்டில் 40 விநாடி. இந்த 54-ஐயும் 40-ஐயும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது அந்தப் 'போர்ஷன்' விவகாரத்துக்கு வருகிறேன். பாடம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் மாதிரித் தேர்வைத் தொட வேண்டும் என்று யார் இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்? எனக்குத் தெரிந்து நாம்தான் சொன்னோம், பெற்றோர். "போர்ஷன் முடிச்சாச்சா, ரிவிஷன் எத்தனை தடவை ஆச்சு" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம், அதையே பிள்ளைகளிடமும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு நம் பள்ளித் தேர்வில் அர்த்தம் இருந்தது. புத்தகம் ஒன்று, பாடம் பதினைந்து, புத்தகத்துக்குப் பின்னாலிருக்கிற கேள்விதான் வரும். இங்கே முடிகிற போர்ஷன் என்று ஒன்று கிடையாது. உயிரியலின் அந்த 40 கேள்விக்குள் செல்லில் தொடங்கி மரபியல், கருவளர்ச்சி, உடல் மண்டலங்கள், பரிணாமம், சூழலியல் என்று எல்லாம் வந்துவிடும். முழுதாக முடிக்க நினைத்தால் ஒரு பட்டப்படிப்பே ஆகும். முடியாத ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன் என்றால் அடுத்தது எப்போது?

இன்னொரு சாக்கும் உண்டு. "மாதிரித் தேர்வு கொஞ்சம்தானே இருக்கு, இப்பவே எழுதினா வீணாயிடும்." புதுப் பட்டுச்சேலையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற கதைதான். எழுதாமல் மிச்சம் வைத்த தேர்வுகளோடு பரீட்சை மண்டபத்துக்குப் போன பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். எட்டு வாரப் படிப்பில் முதல் முழுத் தேர்வை இரண்டாவது வார முடிவுக்குள் எழுதுங்கள். மதிப்பெண் கேவலமாகத்தான் வரும், அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன். (உண்மையைச் சொன்னால், போர்ஷன் பாக்கி என்பதற்குப் பின்னால் பல நேரம் பயம்தான் இருக்கிறது. குறைந்த மதிப்பெண்ணைக் கண்ணால் பார்க்கிற பயம். அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வராது.)

ஆசிரியையின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், இது சோதித்துப் பார்த்த விஷயம். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறை ஒதுக்கிய நேரத்திலும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது, சராசரியாகப் பதினான்கு தடவை. இன்னொரு குழு முதல் முறை மட்டும் படித்தது, மூன்று நான்கு தடவை ஓட்டியிருப்பார்கள், மீதி மூன்று முறையும் பத்தியை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். அந்த ஐந்து நிமிடப் பெருமிதம்தான் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. படித்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். கோடு போட்ட பக்கம் பழகிய முகம் மாதிரி சிரிக்கும். பேரைக் கேட்டால்தான் வாயில் வராது.

மாதிரித் தேர்வு எழுதினால் மட்டும் போதுமா என்றால் போதாது. எழுதினேன், மதிப்பெண் பார்த்தேன், அழுதேன் அல்லது சிரித்தேன், அடுத்தது என்று ஓடுகிறவர்களும் வருகிறார்கள். தேர்வு எழுத நாலு மணி நேரம் ஆனால் அதைத் திருப்பிப் பார்க்க அதைவிடக் கூட ஆக வேண்டும். என் மாணவர்கள் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கட்டாயம், அதற்குப் பெயர் தப்பு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும், குருட்டாம்போக்கில் சரியானவற்றுக்கும், ஏன் தப்பியது என்று ஒரு வரி. விடையை எழுத வேண்டாம், காரணத்தை எழுத வேண்டும். போன மாதம் ஒரு பையன் ஆர்கானிக்கில் எஸ்.என்.1, எஸ்.என்.2 (மூலக்கூறில் ஒரு தொகுதி போய் அந்த இடத்தில் இன்னொன்று வந்து சேர்கிற இரண்டு வழிகள்) கேள்விகள் நான்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, "ஆர்கானிக் எனக்கு வரவே இல்லை ஆன்ட்டி, வீடியோ எல்லாத்தையும் முதல்லேர்ந்து பார்க்கப் போறேன்" என்றான். நான்கையும் உட்கார்ந்து பார்த்தோம். வினை வழிமுறை அவனுக்கு அட்சர சுத்தமாகத் தெரியும். கரைப்பானைப் பார்க்காமல் விட்டிருக்கிறான், அவ்வளவுதான். இரண்டாம் நிலை ஹேலைடு, வலுவான நியூக்ளியோஃபைல், கரைப்பான் டி.எம்.எஸ்.ஓ. என்று, எஸ்.என்.2-தான் என்பதற்கான அடையாளமெல்லாம் கேள்வியிலேயே கொட்டிக் கிடக்கிறது. முப்பது மணி நேர வீடியோ தேவைப்படவில்லை, அம்புக்குறிக்கு மேலே எழுதியிருப்பதைப் படிக்கிற பழக்கம் தேவைப்பட்டது.

கால்குலேட்டர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையில் சாதாரணக் கால்குலேட்டர் கணக்குப் பகுதியில் மட்டும்தான் வரும், வேதியியலில் வராது. வீட்டில் செல்போனைத் தட்டிக்கொண்டே வேதியியல் பயிற்சி செய்கிறவர்கள் யாரை ஏமாற்றுகிறீர்கள்? ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3 × 10⁻⁴ என்றால் பி.எச். 3-க்கும் 4-க்கும் நடுவில், ஏறத்தாழ 3.5 என்று மனதிலேயே வர வேண்டும். விடைகளும் பெரும்பாலும் அந்தத் தோராயத்துக்கு இடம் கொடுத்துத்தான் இருக்கும். அப்புறம், அந்த 90 நிமிடம் மூன்று பாடத்துக்கும் பொது. உயிரியலில் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் உட்கார்ந்து யோசித்தாலும் வராது. அதை 25 நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு மீதியை வேதியியலுக்குக் கொடுங்கள்.

பாடப்பொருள் விஷயத்தில் என் கருத்து ஒரு வரிதான்: ஒரு பாடத்துக்கு ஒரு நோட்ஸ், ஒரு கேள்வி வங்கி. கடைசியில் சங்கமே வெளியிடும் மாதிரித் தேர்வு. சங்கத்தின் வழிகாட்டி இலவசம், எந்தெந்தத் தலைப்பு வரும் என்று அதில் இருக்கிறது, அதைத் திறந்தே பார்க்காமல் 3 சந்தா கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்கா எம்.கேட் (அங்கே மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு) படித்த புத்தகங்கள் வீட்டில் இருக்கிறதே என்று அதை வைத்துப் படிக்காதீர்கள். டி.ஏ.டி.யில் இயற்பியல் கிடையாது, இதில் வரும் படக் கேள்விகள் அதில் கிடையாது. யாரோ தந்த ரொம்பப் பழைய கணக்குப் புத்தகத்தில் டேட்டா சஃபிஷியன்சி, அதாவது கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கிற மாதிரிக் கேள்விகள் இருக்காது. மதிப்பெண் முறையும் மாறிவிட்டது: 2025 மார்ச் வரை 1 முதல் 30 வரை இருந்தது, இப்போது 200 முதல் 600 வரை, பத்துப் பத்தாக. பழைய அண்ணன்மார் "நான் 22 எடுத்தேன்" என்று சொல்வதை வைத்து இலக்கு வைக்காதீர்கள்.

அடுத்தவர் செய்த பல்லாயிரம் ஃப்ளாஷ் கார்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு தினமும் 400 கார்டு தட்டுகிறவர்களுக்கு: கார்டு நல்லதுதான், இடைவெளி விட்டு நினைவுபடுத்துவதை மிஞ்ச வேறு வழி இல்லை. உங்கள் தப்பு நோட்டிலிருந்து நீங்களே செய்த 300 கார்டு அந்தப் பல்லாயிரத்துக்குச் சமம்.

பேட் பகுதிக்கு வந்தால் பெற்றோர் உடனே தலையெழுத்தை இழுப்பார்கள். "எங்க வீட்ல யாருக்கும் டிராயிங் வராது மேடம்." டிராயிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆறு வகை, ஒவ்வொன்றிலும் 15 கேள்வி, வகைக்கு ஒரு முறை உண்டு. கனசதுரம் எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கிய கட்டிகளை ஒட்டி, தரையில் படுகிற பக்கம் தவிர வெளியே தெரிவதற்கெல்லாம் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், இரண்டு பக்கம் மட்டும் பெயின்ட் உள்ள கட்டி எத்தனை என்று கேட்பார்கள். கேள்விக்குக் கேள்வி எண்ணாதீர்கள். படத்தைப் பார்த்ததும் 0, 1, 2, 3, 4, 5 என்று ஒரு சின்ன அட்டவணை போட்டு ஒவ்வொரு கட்டியையும் ஒரே ஒரு முறை எண்ணி வைத்துவிட்டால், அந்தப் படத்தைச் சார்ந்த எல்லாக் கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கும். தாளை மடித்து ஓட்டை போடுகிற கேள்விக்கு முதல் வாரம் நிஜமாகவே தாளை மடித்து, பஞ்ச் செய்து, பிரித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். கோணங்களை வரிசைப்படுத்துவது மட்டும் தினமும் 15 நிமிடம், வாரக் கடைசியில் மொத்தமாகச் செய்தால் ஏறாது.

நீட் பயிற்சி வாசனை உள்ள குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே தப்புக்கு ஒரு மதிப்பெண் குறையும், அதனால் தெரியாததைத் தொடாதே என்பது சரியான புத்திமதி. இங்கே குறையாது. ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது. சென்ற வருடம் ஒரு பையன் இயற்கை அறிவியலில் 11 கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு வந்தான், அப்பா சொன்னாராம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"போன வாரம் எழுதினவங்க ஞாபகத்திலேர்ந்து எழுதின கேள்விகள்" என்று பி.டி.எஃப். யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், திறக்காதீர்கள், தம்பிக்கு அனுப்பாதீர்கள். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். மீறியது தெரிந்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு. ரத்தானால் நான்கு வருட உழைப்பு எங்கே போகும் என்று யோசியுங்கள்.

பெற்றோரிடம் ஒரு கெஞ்சல். "இன்னைக்கு எத்தனை மணி நேரம் படிச்சே" என்று கேட்காதீர்கள், பத்து மணி நேரம் கோடு போட்டதும் அதில் சேர்ந்துவிடும். "இன்னைக்கு எது தப்பாச்சு, ஏன்" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். பிந்தியது ரொம்ப முக்கியம்.

மேசையைக் காட்டிய அந்தப் பெண்ணிடம் மறுநாளே ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதச் சொன்னேன். எழுதினாள். நேரக் கணக்கே பழகவில்லை, வேதியியலில் கடைசி 18 கேள்வியை எட்டவே முடியவில்லை. தேதியைத் தள்ளிப் போடச் சொன்னேன். தேதியை மாற்றக் கட்டணம் உண்டு, நாள் நெருங்க நெருங்க அது ஏறும், ஆனால் தயாராகாமல் எழுதிவிட்டு 60 நாள் காத்திருந்து மறுபடி எழுதுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. முதல் மதிப்பெண்ணும் கல்லூரிகளின் கண்ணில் படும். அம்மாவுக்குக் கோபம். "போர்ஷன் எல்லாம் முடிச்சிட்டாளே மேடம்" என்றார்.

தேதியை மாற்ற அவளுடைய பதிவைத் திறந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, பதிவில் இனிஷியல் மட்டும் கொடுத்திருக்கிறாள். நம் ஆட்களுக்கே உரிய கஷ்டம் இது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் மையத்தில் உள்ளேயே விட மாட்டார்கள், கட்டிய பணமும் போகும். உங்கள் பிள்ளையின் பதிவையும் அடையாள அட்டையையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.