மண்ணுக்குள் பூத்துப்போன பாட்டில்

நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த கண்ணாடி பாட்டில் ஒன்று கைக்கு வந்தால், நன்றாகக் கழுவினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். சோப்பு போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, குழாயடியில் பிடிக்கும்போது சரியாகியும் விடுகிறது. பச்சை கலந்த நீலத்தில் பளிச்சென்று தெரியும். திண்ணையில் வைத்துவிட்டு அரை மணி கழித்து வந்து பார்த்தால், ஈரம் காய்ந்த இடமெல்லாம் பழையபடி வெள்ளை பூத்திருக்கும். மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் மாதிரி. மறுபடி நனைத்தால் மறுபடி தெளியும். காய்ந்தால் மறுபடி பூக்கும்.

அழுக்காக இருந்தால் தண்ணீரோடு போயிருக்கும். அது போகாததற்குக் காரணம், கண்ணாடியின் மேல்தோலே மாறிப்போனதுதான். மண் தின்ற அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளும் விரிசல்களும் நிறைந்திருக்கின்றன. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளி அந்த மேடுபள்ளத்தில் பட்டுக் கண்டபடி சிதறுகிறது. ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. குழியில் தண்ணீர் நிரம்பும்போது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, சிதறலும் குறைந்துவிடுகிறது. சமையல் எண்ணெய்க்கு இந்த எண் சுமார் 1.47. கண்ணாடிக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் எண்ணெய் தடவிய பாட்டில் இன்னும் நன்றாகத் தெளியும், சீக்கிரத்தில் காயவும் காயாது. பழைய பாட்டில் வாங்குபவர்கள் அதைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

சரி, கண்ணாடியைப் போய் மண் எப்படித் தின்னும்?

பாட்டில் கண்ணாடி என்பது மணல், சலவைச் சோடா, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்து உருகிய பொருள். மணலை மட்டும் உருக்க வேண்டுமானால் 1700 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். சோடா சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும். ஆனால் வெறும் மணலும் சோடாவும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு. அப்படியும் சோடாவிலிருந்து வந்த சோடியம் அயனிகள் கண்ணாடிக்குள் இறுகப் பிணைந்திருப்பதில்லை. மணலிலிருந்து வந்த சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிய சிலிக்கா வலையின் இடுக்குகளில் அவை ஒண்டிக்கொண்டிருக்கின்றன. ஈரமண்ணில் புதைந்ததும் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே போகின்றன, சோடியம் வெளியே வருகிறது. மிச்சமிருப்பது தண்ணீர் ஊறிய, பஞ்சு போன்ற ஒரு சிலிக்காத் தோல்.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வெளியே வந்த சோடியம் சுற்றியுள்ள ஈரத்தைக் காரமாக்கிவிடுகிறது. மழை அடித்துக்கொண்டு போகாமல் அங்கேயே தேங்கினால், காரத்தின் அளவைச் சொல்லும் பிஹெச் எண் 9-ஐத் தாண்டியதும் சிலிக்கா வலையே அறுந்து கரைய ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்துக் குப்பைக் குழிகளில் அடுப்புச் சாம்பலும் கொட்டியிருப்பார்கள். சாம்பல் நனைந்தால் அதுவும் காரம். அதனால்தான் ஒரே குழியில் கிடைத்த இரண்டு பாட்டில்களில் ஒன்று நேற்று வாங்கியது போலவும் இன்னொன்று கண்புரை விழுந்த கண் போலவும் இருக்கும். எந்த ஈரத்தில் எப்படிக் கிடந்தது, அதை வார்த்தவர் எவ்வளவு சுண்ணாம்பு சேர்த்தார் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

சில பாட்டில்களில் வெள்ளைக்குப் பதிலாக மயில்கழுத்து நிறம் ஓடும். அரித்த தோல் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஏடும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு மெல்லியது. ஏட்டின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பி அனுப்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களைக் கூட்டும், சிலவற்றை அழிக்கும். மழைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் நிறம் காட்டுவதும் இப்படித்தான். ரோமானியர் காலத்துக் கண்ணாடிகளில் இந்த மினுக்கம் அவ்வளவு அழகு. அமெரிக்காவில் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி அதைப் பார்த்து ஆசைப்பட்டு, புதுக் கண்ணாடியிலேயே அந்த நிறத்தைக் கொண்டுவந்து 1890-களில் ஃபாவ்ரில் என்ற பெயரில் விற்றார்.

பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் மின்னுகிறதே, பாட்டிலுக்கும் அதைச் செய்யலாமா? ஓரளவுக்குத்தான். மேலே சுண்ணாம்பு படிந்திருந்தால் புளியோ வினிகரோ எலுமிச்சையோ அதைக் கரைத்துவிடும். துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். முதலில் இவற்றைச் செய்து பார்த்துவிட வேண்டும், பல பாட்டில்களுக்கு அதுவே போதும். ஆனால் அரித்துப்போன தோலும் சிலிக்காதான். இந்த அமிலங்கள் அதை ஒன்றும் செய்யாது. காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது இன்னும் மோசம். மண்ணில் காரம் மெதுவாகச் செய்த வேலையை வாளிக்குள் வேகமாகச் செய்ய வைப்பதாகிவிடும்.

ஆகவே மிச்சம் ஒரே வழி: கெட்ட தோலை உரித்துவிட்டு, அடியிலிருக்கும் நல்ல கண்ணாடியைப் புதுத் தோலாக்குவது. அதைச் செய்வதுதான் உருட்டி மெருகேற்றும் இயந்திரம். பிரிட்டனில் விக்டோரியா காலத்துக் குப்பை மேடுகளையும், அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டுக் கழிப்பறைக் குழிகளையும் தோண்டிப் பாட்டில் சேகரிப்பவர்கள் இதைப் பெரிய கலையாகவே வளர்த்துவைத்திருக்கிறார்கள்.

இயந்திரம் எளிமையானதுதான். இரண்டு உருள்தண்டுகள், அவற்றைச் சுழற்ற ஒரு மோட்டார், தண்டுகளின் மேல் படுத்தவாக்கில் ஒரு பிளாஸ்டிக் உருளை. உருளைக்குள் பாட்டில், சுவரில் எங்கும் படாமல் கவ்விகளால் இரண்டு முனையிலும் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கும். சுற்றிலும் உள்ள இடத்தில் பாதி அளவுக்குச் செம்புத் துண்டுகள். கரண்டு வேலைக்கு வாங்கும் தடித்த செம்புக் கம்பியை அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக நறுக்கினால் அதுதான். அப்புறம் தண்ணீர், ஒன்றிரண்டு கரண்டி தேய்ப்புத் தூள். மூடி, ஓட விட வேண்டும். பாட்டில் உருளையோடு சேர்ந்து சுற்றும். செம்பு மட்டும் கனத்தால் அடியிலேயே சரிந்து சரிந்து விழுந்து பாட்டிலை உரசிக்கொண்டிருக்கும்.

ஏன் செம்பு? மோஸ் அளவுகோலில் செம்பின் கடினம் 3, கண்ணாடி 5.5. செம்பால் கண்ணாடியைக் கீற முடியாது. கீறுவது தூளின் வேலை. அந்தத் தூளைச் சுமந்துபோய் அழுத்துவது செம்பின் வேலை. தண்ணீரைப் போல ஒன்பது மடங்கு கனமாக இருப்பதால் நன்றாக அழுத்துகிறது. மென்மையாக இருப்பதால் தூள் அதில் லேசாகப் பதிந்து உட்கார்ந்துகொள்கிறது. எஃகுத் துண்டுகளைப் போட்டால் தூள் பதியாது, கண்ணாடியின் விளிம்புதான் தெறிக்கும்.

வேகத்தைச் சரியாக வைப்பது முக்கியம். வாளியில் தண்ணீர் ஊற்றித் தலைக்கு மேல் வேகமாகச் சுற்றினால் ஒரு சொட்டும் சிந்தாது. உருளையும் அந்த வேகத்தில் ஓடினால் செம்பு சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், உரசலே இருக்காது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு அந்த எல்லை நிமிஷத்துக்குச் சுமார் 134 சுற்று. ஓட்டுவதோ அதற்கு வெகு கீழே. நிமிஷத்துக்கு 30 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 43,200 சுற்று. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு 19 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பாட்டிலின் மேல் ஒரு புள்ளியைக் குறித்தால், அது ஒரு நாளில் 8 கிலோமீட்டர் நடந்திருக்கும், அதில் ஏறக்குறையப் பாதித் தூரம் செம்புக்குள் உழுதுகொண்டு. இப்படி மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஓட வேண்டும். கையால் தேய்த்து இதைச் சாதிக்க நினைப்பது வீண்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் வெட்டு. இதற்குச் சிலிக்கான் கார்பைடு தூள். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் பழக்கமானதுதான். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளில் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பரில் ஒட்டியிருப்பது இதுவே. கடினம் 9-க்கு மேல். 600 நம்பர் தூளில் ஒரு துகள் சுமார் 10 மைக்ரான், 1200 நம்பரில் 3 மைக்ரான். தலைமுடியின் தடிமனே 70 மைக்ரானுக்குப் பக்கம். செம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய துகள் கண்ணாடியில் மிக நுண்ணிய விரிசல்களை உண்டாக்குகிறது. பக்கத்துப் பக்கத்து விரிசல்கள் சேரும்போது ஒரு செதில் பெயர்ந்து விழுகிறது. கோடிக்கணக்கான செதில்கள் போனதும் அரித்த தோல் முழுக்கப் போய்விடும். இந்தக் கட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பாட்டில் பளபளக்காது. ஒரே சீராக, பட்டுத்துணி போல மங்கலாக இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் மனம் உடைந்துபோகிறார்கள். உண்மையில் இது நல்ல அறிகுறி. பழைய கறை, பழைய கீறல் ஏதாவது தனியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தெரிந்தால் மறுபடி வெட்டுக்கே போக வேண்டும். மெருகு எந்தக் கீறலையும் மறைக்காது, எடுத்துத்தான் காட்டும்.

இரண்டாவது கட்டம் மெருகு. பாட்டில், உருளை, செம்பு எல்லாவற்றையும் தூள் துளிகூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். இரண்டு கட்டத்துக்கும் தனித்தனிச் செம்பு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, ஏனென்றால் பதிந்த துகள் லேசில் வராது. இப்போது போடுவது அலுமினியம் ஆக்சைடு, அல்லது சீரியம் ஆக்சைடு. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் சீரியம் செய்வதுதான். அதன் கடினம் கண்ணாடிக்கு ஏறக்குறையச் சமம். அப்படியானால் அது கண்ணாடியை எப்படித் தேய்க்கிறது?

மெருகு என்பது மிகச் சிறிய கீறல்களின் தொகுப்பு என்ற எண்ணத்தால் இதை விளக்க முடியவில்லை. 1990-இல் லீ குக் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதன் வேதியியலைத் தெளிவாக எடுத்துவைத்தது. தண்ணீர் பட்ட கண்ணாடியின் மேற்பரப்பில் சிலிக்கான் அணுக்களோடு, ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒட்டிக்கொள்கின்றன. சீரியம் துகளின் மேலும் அதே மாதிரி. இரண்டும் உரசும்போது நடுவிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று, சீரியத்துக்கும் சிலிக்கானுக்கும் இடையே ஆக்சிஜன் வழியாக ஒரு பிணைப்பு உண்டாகிறது. துகள் நகரும்போது அந்தச் சிலிக்காவையும் பிய்த்துக்கொண்டு போகிறது. மேடாக இருக்கும் இடத்தில்தான் துகள் அதிகம் அழுந்தும். அதனால் மேடு முதலில் தேயும். எஞ்சிய மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது 0.4 மைக்ரானைவிட, மிகவும் சிறுத்துப்போனால் ஒளிக்கு அவை இருப்பதே தெரியாது. சிதறாமல் நேராகப் போய்விடும். நாம் பளபளப்பு என்பது அதைத்தான். தண்ணீர் இல்லாமல் சீரியம் மெருகு ஏற்றாது. மண்ணுக்குள் சோடியத்தைத் திருடிக் கண்ணாடியை நோயாளியாக்கியதும் தண்ணீர்தான், இப்போது சீரியத்தோடு கூட்டுச் சேர்ந்து அதைத் தெளிய வைப்பதும் தண்ணீர்தான். மூக்குக் கண்ணாடிக்கும் தொலைநோக்கி ஆடிக்கும் மெருகு ஏற்றுவது இதே சீரியம்தான்.

உரித்த தோல் திரும்ப வராது என்பதால், எதை உருட்டக் கூடாது என்பதை உருட்டத் தெரிவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அகழாய்வில் கிடைத்த கண்ணாடியைத் தொடவே கூடாது. அந்த மயில்கழுத்து ஏடும் அதன் வரலாற்றில் ஒரு பக்கம். விரிசல் உள்ள பாட்டிலும் வேண்டாம். விரிசலின் நுனியில் நிற்கும் தண்ணீரே பிணைப்பை அறுத்து அதை நீட்டிக்கொண்டுபோகும், உருளும் செம்பின் தட்டல் அதற்குத் துணை. இன்னொன்று, பாட்டிலின் வயதைச் சொல்லும் தடயங்கள். 1903-இல் மைக்கேல் ஓவன்ஸ் என்ற அமெரிக்கரின் தானியங்கி பாட்டில் இயந்திரம் வருவதற்கு முன் கண்ணாடியை ஊதி அச்சில் வார்த்தாலும், வாய் விளிம்பைக் கையால்தான் முடித்தார்கள். அதனால் பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடும். இயந்திரத்தில் செய்ததில் அது விளிம்பு வரை ஏறும். வெட்டுக் கட்டத்தில் ஆசைப்பட்டு இரண்டு நாள் அதிகமாக ஓட்டினால் அந்தக் கோடும் போகும், புடைப்பெழுத்தின் கூர்மையும் போகும். மழுங்கிய எழுத்தோடு மின்னும் பாட்டிலைவிட, கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் எழுத்துக் கூராக உள்ள பாட்டிலையே நான் எடுப்பேன். பழைய மருந்து, விஷ பாட்டில் என்றால் உள்ளே ஒட்டியிருப்பது எதுவாகவும் இருக்கலாம். கையுறை இல்லாமல் கழுவக் கூடாது.

நமக்குப் பழக்கமான கோலி சோடா பாட்டிலை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. சோடாவின் வாயு அழுத்தமே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அடைத்துவிடும். இங்கிலாந்திலும் பையன்கள் கோலிக்காக பாட்டிலை உடைத்துவிடுவார்கள். முழுசாகக் கிடைப்பதன் மதிப்பு அதனால்தான். அதன் வெளிப்பக்கத்தை உருட்டலாம். கழுத்தில் இரண்டு பக்கமும் கிள்ளியது போன்ற பள்ளங்களில் பெரிய செம்புத் துண்டு இறங்காது. மெல்லிய கம்பியைப் பொடியாக நறுக்கிக் கலக்க வேண்டும். உள்பக்கம்தான் சிக்கல். மற்ற பாட்டில்களுக்கு உள்ளேயும் கொஞ்சம் செம்பும் தூளும் போட்டு மூடி ஓட்டுவது வழக்கம். இதிலோ கோலி உள்ளேயே இருக்கிறது. அது வெளியே வராது. உள்ளே தூளோடு நாள் கணக்கில் உருண்டால் கோலி தேயும், கழுத்தில் மோதும். அதனால் உள்ளே வெறும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்த தண்ணீர், நீளக் காம்புள்ள பிரஷ், அவ்வளவுதான். வெளியே தெளிந்து உள்ளே லேசாகப் பூத்த பாட்டிலைச் சாய்த்தால், கோலி அதே பழைய சத்தத்தோடு பள்ளத்தில் போய் உட்காரும்.