பட்டன் தேயாத டயருக்கும் வயதுண்டு

கார்களின் மேல் பற்றுள்ளவர்கள் தங்கள் வண்டிகளை ஒருவருக்கொருவர் காட்டி மகிழும் படங்களைப் பார்க்கும்போது, என் கண் முதலில் தேடுவது பெயிண்டையோ அலாய் வீலையோ அல்ல, டயரின் பக்கச்சுவரைத்தான். பல ஆண்டுகளாக டயரும் பிரேக்கும் வீல் அலைன்மெண்டுமே வேலையாகிப்போனவனின் பழக்கம் அது. படத்தில் அந்த டயர் பெரும்பாலும் பாலிஷ் பூசப்பட்டுக் கன்னங்கரேலென்று மின்னும். அந்த மினுமினுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. பல நேரங்களில் உரிமையாளருக்கும் தெரிந்திருப்பதில்லை.

மூன்று கார்கள் வைத்திருக்கும் ஒருவர், நண்பர்களுடன் நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் போவதற்கு முன், தம் செல்ல வண்டியை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கொண்டுவந்தார். வாங்கி 9 ஆண்டுகள் ஆகியும் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. "கம்பெனியிலிருந்து வந்த அதே டயர்தான் சார், பட்டனைப் பாருங்கள், பாதிகூடத் தேயவில்லை" என்றார். டயரில் சாலையைத் தொடும், பள்ளங்கள் கொண்ட மேல்பகுதியைத்தான் பட்டன் என்கிறோம். அவர் சொன்னது உண்மைதான். அளந்தபோது பள்ளம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. ஆனால் பாலிஷைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, பக்கச்சுவரும் பட்டனும் சேருமிடத்தில் டயரைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், பாலிஷ் படாத உட்பக்கத்தில் அவை இன்னும் ஆழமாக இருந்தன.

குறைவாக ஓடிய வண்டி என்பதை நாம் ஒரு புகழாகவே சொல்லிப் பழகிவிட்டோம். என்ஜினுக்கு அது ஓரளவு பொருந்தலாம், ரப்பருக்குப் பொருந்தாது. டயர் தயாரிக்கும்போதே அதன் ரப்பரில் மெழுகும், ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. சக்கரம் உருள உருள ரப்பர் நெளிந்து, அந்தப் பொருள்கள் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து காப்புப் படலமாகப் படிகின்றன. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியில் அந்தப் படலம் போதிய அளவு புதுப்பிக்கப்படுவதில்லை. காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் ரப்பரை நேரடியாகத் தாக்குகின்றன. டயரின் பக்கச்சுவரில் சில நேரம் தெரியும் பழுப்பு நிறம் இந்தப் பாதுகாப்புப் பொருளால் வருவதுதான். அதை அழுக்கென்று நினைத்து, வீரியமான திரவம் போட்டுத் தேய்த்துக் கழுவி, மேலே பெட்ரோலியம் கலந்த பாலிஷையும் பூசுபவர்கள் பலர். அழகுக்காகச் செய்யும் இந்த வேலை டயரின் ஆயுளைக் குறைக்கக்கூடும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இதைவிடக் கவலைக்குரியது கண்ணுக்குத் தெரியாத உட்பகுதி. பட்டனுக்கு அடியில் இரும்புக் கம்பிகளாலான பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ரப்பரால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. டயருக்குள் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் காற்றின் ஆக்சிஜன், ஆண்டுக்கணக்கில் ரப்பரின் ஊடாகக் கசிந்து அந்தப் பிணைப்பைக் கெட்டிப்படுத்தி நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகிறது. வெப்பம் கூடினால் இதன் வேகமும் கூடும். நின்றுகொண்டே இருக்கும் டயரில் மாதத்திற்கு 1 அல்லது 2 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றும் இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் நெடுஞ்சாலையில் ஏறினால், காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளிந்து சூடேறி, ஏற்கெனவே பலமிழந்த பட்டைகள் பிரிந்து, மேல்தோல் முழுவதுமே உரிந்துபோகலாம். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது குறை எதுவும் தெரியாத வண்டி, முதல் நெடும்பயணத்தில் காலைவாரிவிடுவது இப்படித்தான்.

டயரின் வயதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில், முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3416 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 34ஆவது வாரம். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000க்கு முன் தயாரானது. பழைய கார்களைச் சேகரிப்பவர்களிடம் அப்படிப்பட்ட டயர்களை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஓடும் நிலையில். பல டயர்களில் இந்த முழு வரிசை ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கத்தில் காணவில்லை என்றால் உட்பக்கம் குனிந்து பார்த்தாக வேண்டும்.

எத்தனை ஆண்டுகள் வரை ஓட்டலாம் என்பதில் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. கார் நிறுவனங்களில் பல, பட்டன் எவ்வளவு இருந்தாலும் 6 ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. மிஷ்லின் நிறுவனம் 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டவும், 10 ஆண்டுகள் ஆனதும் ஸ்டெப்னி உட்பட அனைத்தையும் மாற்றவும் சொல்கிறது. என் கணக்கு கார் நிறுவனங்களின் பக்கம்தான்: வேகமாக ஓட்டும் எண்ணம் இருந்தால் 6 ஆண்டுகளைத் தாண்ட விடமாட்டேன்.

2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் உயிரிழந்த விபத்து கார் பிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. அவர் பயணித்த போர்ஷே கரேரா ஜிடி மணிக்கு ஏறத்தாழ 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் போனதையே விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது. ஆனால் அந்தக் காரின் டயர்கள் 9 ஆண்டுகள் பழையவை என்பதையும், அது வண்டியின் பிடிமானத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் அதே விசாரணை குறிப்பிட்டது. இங்கிலாந்தில் 2012இல் இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி மூவர் இறந்தார்கள். வெடித்த முன்டயருக்கு வயது 19. 2021 பிப்ரவரி முதல் அந்நாட்டில் லாரி, பேருந்துகளின் முன்சக்கரங்களில் 10 ஆண்டுகளைத் தாண்டிய டயர்களுக்குத் தடை இருக்கிறது. தனியார் கார்களை அந்தத் தடை கட்டுப்படுத்தாது என்பதால், நம் வண்டியின் கணக்கை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரேக் ஆயிலும் இதே கதைதான் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவோ 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால், அந்த வேறுபாடு பிரேக் மிதியிலேயே தெரியும். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

வண்டியை நீண்ட நாள் நிறுத்தி வைப்பவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறையாவது எடுத்து, டயர் சூடேறும் அளவுக்கு ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்துவது போதாது. மின் மோட்டாரும் வெல்டிங் எந்திரமும் ஓசோனை உண்டாக்கும் என்பதால், அவை இயங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம். உங்கள் வண்டியைப் பற்றி எழுதும்போது, குதிரைத்திறனோடும் ஓடிய தூரத்தோடும் அந்த நான்கு இலக்கங்களையும் சேர்த்து எழுதினால், படிப்பவர்களும் தங்கள் டயரைக் குனிந்து பார்ப்பார்கள்.

மூன்று கார்காரர் நான்கு டயர்களையும் மாற்றிக்கொண்டுதான் பயணம் போனார். திரும்பி வந்ததும் மற்ற இரண்டு வண்டிகளின் இலக்கங்களையும் தாமே பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து காட்டினார். ஒன்றில் முன்டயர்கள் 2 ஆண்டுப் புதியவை, பின்டயர்கள் 7 ஆண்டுப் பழையவை. இன்னொன்றில் நான்கும் ஒரே வயது, நல்ல நிலை. "ஸ்டெப்னி?" என்று கேட்டேன். டிக்கியைத் திறந்து பார்க்கவே இல்லை என்றார்.