ஸ்கிராப்புக்: ஒட்டேடு

அமெரிக்கச் சிற்றூர்களில் பல்லாண்டுகள் பியானோவோ வயலினோ கற்பித்த ஆசிரியர்கள், தம் மாணவர்களின் நிகழ்ச்சி நிரல்கள், உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த நறுக்குகள், ஒளிப்படங்கள், வாழ்த்து மடல்கள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் ஒட்டிவைத்த பெரிய புத்தகத்துக்கு ஸ்கிராப்புக் என்று பெயர். ஆசிரியர் மறைந்த பின் இவை ஊர் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ வந்து சேர்கின்றன. இச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம்.

ஸ்கிராப் என்ற சொல்லின் வேர், ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய மொழியான நோர்சில் உள்ளது. சுரண்டுதல் என்னும் வினையோடு உறவுடையது. ஆங்கிலத்தில் அது முதலில் உண்டபின் எஞ்சிய உணவுத் துணுக்குகளைக் குறித்து, பிறகு எந்தப் பொருளின் சிறு துண்டுக்கும் ஆகிவந்தது. புத்தகத்தோடு சேர்ந்த கூட்டுச்சொல் 1820களிலேயே வழக்கில் இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல், பக்கத்தில் முன்னதாகவே பசை தடவிய, நீர் தொட்டு ஒட்டும் ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை பெற்றார் என்பதிலிருந்து, அந்நாளில் இப்பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை உணரலாம்.

தமிழில் நறுக்கு என்பது அருமையான சொல். ஓலை நறுக்கில் தொடங்கிப் பத்திரிகை நறுக்குவரை அது நம்மோடு வந்திருக்கிறது. ஆயினும் அதனோடு ஏடு சேர்த்தால் நறுக்கேடு என்றாகி, இறுதியில் கேடு என்று ஒலிக்கிறது. துணுக்கேடு என்பதற்கும் இதே குறை உண்டு. சேகரிப்பேடு என்றால் அஞ்சல்தலைத் தொகுப்பும் அதில் அடங்கிவிடும். ஆகவே ஒட்டு, ஏடு இரண்டும் புணர்ந்த ஒட்டேடு என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். ஓலையைக் குறித்த ஏடு, தாளுக்கும் புத்தகத்துக்கும் இயல்பாக ஆகிவந்த சொல்லாதலால் இதில் செயற்கை இல்லை.

ஒட்டுதலைப் பெயரிலேயே வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எந்த மாணவியின் படத்துக்கு அருகில் எந்த நிரல் ஒட்டப்பட்டது, ஓரத்தில் ஆசிரியர் பென்சிலால் என்ன குறித்தார் என்பவையே காப்பகத்தாருக்குச் சான்று. அமிலம் மிகுந்த செய்தித்தாள் பழுத்து அடுத்த பக்கத்தையும் கறைப்படுத்தும் என்பதால் இடையே அமிலமற்ற தாளைச் செருகுவார்கள். பிரிக்க நேர்ந்தாலும், பக்கம் பக்கமாகப் படமெடுத்து வரிசையைக் குறித்துக்கொண்ட பிறகே பிரிப்பார்கள். படங்களை மட்டும் உரித்தெடுத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடும் வீடுகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இசை ஆசிரியர்களின் ஒட்டேடுகளைப் பற்றி எழுதும்போது வரும் மற்ற இரு சொற்களிலும் கவனம் வேண்டும். ஸ்டூடியோ என்றதும் நமக்குத் திரைப்படத் தளமும் ஒளிப்படக் கடையும் நினைவுக்கு வருகின்றன. மேலை இசையுலகில் அது ஓர் ஆசிரியர் கற்பிக்கும் இடத்தையும் அவரிடம் பயிலும் மாணவர் குழுவையும் சேர்த்துக் குறிக்கும். ஆர்வம், முனைப்பு என்று பொருள்படும் ஸ்டூடியம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்த அதனை இசைப் பயிலகம் எனலாம். ரிசைட்டல் என்பதை அரங்கேற்றம் என்று பெயர்ப்பது பிழை. அரங்கேற்றம் ஒருவர் வாழ்வில் ஒருமுறை நிகழ்வது, ரிசைட்டலோ தொடக்கநிலைக் குழந்தை முதல் மூத்த மாணவர்வரை அனைவரும் ஆண்டுதோறும் வாசிப்பது. மாணவர் இசை நிகழ்ச்சி என்றால் போதும். ஆகவே ஓர் ஆசிரியரின் அந்தப் புத்தகங்களைக் காப்பக அட்டவணையில் ‘இசைப் பயிலக ஒட்டேடுகள்’ என்று பதியலாம்.