நோட்ஸ்: தழும்பு தெரியாத பித்தப்பை அறுவைக்குத் தமிழில் என்ன பெயர்?

நோட்ஸ் என்றதும் பரீட்சைக்கு முந்தைய இரவுதான் நினைவுக்கு வரும். அறுவை அரங்கில் அது 'நேச்சுரல் ஆரிஃபிஸ் டிரான்ஸ்லூமினல் எண்டோஸ்கோபிக் சர்ஜரி' என்ற நீளப் பெயரின் முதலெழுத்துகள்: வயிற்றுத் தோலை வெட்டாமல், உடம்பின் இயற்கையான திறப்பு வழியே குழாய் விட்டுச் செய்யும் அறுவை. 2005இல் அமெரிக்காவில் அறுவை மருத்துவர்களும் எண்டோஸ்கோபி மருத்துவர்களும் கூடிப் பேசியபோது நிலைத்த பெயர்.

ஆரிஃபிஸ் லத்தீன் சொல். 'ஓஸ்' என்றால் வாய். தமிழில் துளை, துவாரம் என்று எழுதுகிறார்கள். துளை என்றால் யாரோ போட்டது போல இருக்கிறது. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபிக்கு 'நுண்துளை அறுவை' என்ற பெயரும் ஏற்கெனவே உண்டு. 'ஒன்பது வாயிற் குடில்' என்று உடம்பைச் சொல்கிறது சிவபுராணம். வாயில் என்பதே இங்கே பொருந்தும். ஒரு வேடிக்கை: இந்த அறுவைக்கு அதிகம் பயன்பட்டது பெண்ணின் பிறப்பு வழி. ஒன்பதில் அதற்கென்று தனி எண் கிடையாது.

டிரான்ஸ்லூமினல் என்பதை மொழிபெயர்ப்பில் பலரும் விட்டுவிடுகிறார்கள். உயிர்நாடியே அதுதான். லூமன் என்றால் லத்தீனில் வெளிச்சம், சாளரம். உடற்கூற்றியலில் குழல் உறுப்பின் உள்வெளி. வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது சாதாரண எண்டோஸ்கோபி. அந்த உள்வெளியிலிருந்து சுவரைக் கிழித்துக்கொண்டு வயிற்றறைக்குள் நுழைந்தால்தான் நோட்ஸ்.

2007 ஏப்ரல் 2. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அறுவை மருத்துவர் ஜாக் மாரெஸ்கோவின் குழுவினர் 30 வயதுப் பெண் ஒருவருக்குப் பிறப்பு வழிச் சுவரில் கீறி, வளையும் எண்டோஸ்கோப்பை மேல்நோக்கிச் செலுத்தி, கல்லீரலுக்கு அடியில் இருந்த பித்தப்பையைப் பிரித்து, வந்த வழியாகவே வெளியே எடுத்தார்கள். எகிப்தியத் தெய்வத்தின் பெயரால் அதற்கு 'அனுபிஸ்' என்று பெயரிட்டார்கள். அப்போதும் வயிற்றுத் தோலில் 2 மில்லிமீட்டர் ஊசி ஒன்று குத்தியிருந்தது: கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்பவைக்க, பித்தப்பையை ஒதுக்கிப் பிடிக்க.

அதனால்தான் 'தழும்பில்லா' என்ற அடைமொழி எனக்கு ஒட்டவில்லை. அது விளம்பரப் பலகைச் சொல். கீறலும் தையலும் உள்ளே இருக்கின்றன. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கொப்பூழில் ஒரே துளை போட்டுச் செய்வதையும் இதே பெயரால் அழைப்பதால் குழப்பம் இரட்டிப்பு. அதில் வெட்டுவது தோலைத்தான். தழும்பு தொப்புள் மடிப்பில் மறைந்துகொள்கிறது.

'வாயில்வழி அறுவை' என்று சுருக்கலாமா? 'வாய்வழி' என்று காதில் விழுந்துவிடும். உடல்வாயில் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. முழுப்பெயர் 'உடல்வாயில்வழிச் சுவரூடு அகநோக்கி அறுவை'. அகநோக்கி என்பது எண்டோஸ்கோப்புக்கு நேர்ச்சொல். கிரேக்கத்தில் 'எண்டோன்' உள்ளே, 'ஸ்கோபெய்ன்' பார்த்தல். பித்தப்பைக்கு மட்டும் என்றால் 'உடல்வாயில்வழிப் பித்தப்பை நீக்கம்'. பித்தப்பை நீக்கத்தின் ஆங்கிலப் பெயரான கோலிசிஸ்டெக்டமியும் பித்தம், பை, வெட்டி எடுத்தல் என்ற மூன்று கிரேக்கச் சொற்களின் சேர்க்கைதான்.

பித்தப்பைக் கல்லுக்கு இன்றும் வழக்கமாகச் செய்வது வயிற்றில் மூன்று நான்கு துளை போடும் லேப்ராஸ்கோபியே. டாக்டர் 'துளை போட்டு எடுத்துடலாம்' என்றால் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்.