சுண்டெலி இதயத்துக்குத் தெரியாத ஆபத்து

என் சித்தி மகள் பெங்களூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானாலும் செல்களுக்கு மீடியம், அதாவது அவை வளரும் சத்துத் திரவம், மாற்றியே ஆகணும் என்பதால், போன வாரம் மல்லேஸ்வரத்துக்குச் சாப்பிடக் கிளம்பிய வழியில் என்னையும் உள்ளே கூட்டிப்போனாள். "இதைப் பாருண்ணா" என்றாள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால், தட்டில் ஒட்டிக்கிடந்த செல்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்குகின்றன, தளர்கின்றன, மறுபடி சுருங்குகின்றன. யாரோ கொடுத்த கொஞ்சம் ரத்தத்திலிருந்து வந்த இதயச் செல்கள்!

ரத்தம் எப்படித் துடிக்கும்? 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, வளர்ந்த சுண்டெலியின் செல்லுக்குள் 4 மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருவிலுள்ள செல் மாதிரி ஆக்கிக் காட்டினார். அடுத்த வருடம் மனிதச் செல்லிலும். அப்படிக் கிடைத்த, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லுக்குச் சரியான வேதிப்பொருளைச் சரியான நாளில் கொடுத்தால், பத்து நாள் வாக்கில் துடிக்க ஆரம்பித்துவிடும்.

இந்தச் செல்களில் மருந்தைச் சோதிக்கிறார்கள். சரி, அதற்குத்தான் சுண்டெலி இருக்கிறதே? அதன் இதயம் நிமிஷத்துக்கு 500, 600 தடவை துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் அடுத்ததற்குத் தயாராகும். நமக்கு அதற்கு முக்கியமான கதவு ஹெர்க் என்ற சேனல். சுண்டெலி வேறு கதவுகளை நம்பியிருக்கிறது. ஆக, ஹெர்க்கை அடைக்கும் மருந்து அதன் இதயத்தில் பெரிதாக எதையும் காட்டாது. தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை என்று பெயர் வாங்கிய டெர்ஃபெனடின் அப்படி ஹெர்க்கை அடைக்கும் மருந்துதான். சிலருக்குத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போனது, 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தினார்கள்.

ஹெர்க்கை மட்டும் தனியே சோதித்தாலும் போதாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் வெராபமில் ஹெர்க்கையும் அடைக்கும், ஆனால் கால்சியம் நுழையும் வழியையும் சேர்த்தே அடைப்பதால் இந்த ஆபத்து பெரும்பாலும் வருவதில்லை. இந்தக் கூட்டல் கழித்தல் முழு இதயச் செல்லில்தான் தெரியும். தட்டின் அடியிலுள்ள நுண்ணிய எலக்ட்ரோடுகள் துடிப்பின் மின்சாரத்தைப் பதிவு செய்ய, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அலை நீள்கிறதா, தாளம் தப்புகிறதா என்று திரையிலேயே பார்க்கலாம். 2023-இல் திருத்திய நம் நாட்டுப் புது மருந்து விதிகளும் இந்த மாதிரி மனிதச் செல் சோதனைகளுக்கு இடம் கொடுத்திருக்கின்றன, எனக்கு அதில் ரொம்பவே சந்தோஷம்.

ஆனாலும் இந்தச் செல்கள் கருக்குழந்தையின் இதயச் செல் போல முதிராதவை. அப்புறம், டெர்ஃபெனடினைச் சாதாரணமாக ஈரல் சீக்கிரமே உடைத்துவிடும். எரித்ரோமைசின் போன்ற மருந்து அந்த வேலையைத் தடுத்தபோதுதான் ரத்தத்தில் அளவு எகிறியது. வெறும் இதயத் தட்டில் அது தெரியாது. ஸ்டெம் செல்லிலிருந்து ஈரல் செல்லும் செய்கிறார்கள், அதன் நொதிகள்தான் வளர்ந்தவர் ஈரல் அளவுக்கு இன்னும் வேலை செய்வதில்லை.

கிளம்பும்போது இன்குபேட்டரைத் திறந்து இன்னொரு தட்டுக்கும் மீடியம் மாற்றினாள். அதில் துடிப்பு எதுவும் இல்லை. ஈரல் செல்.